தாத்தாவின் புல்லட்டும் வாசல் கறையும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மெக்கானிக் இல்லை. பி.காம் படிக்கிறவன். டெபிட் எது, கிரெடிட் எது என்பதிலேயே பரீட்சைக்கு முந்தின நாள் வரை சந்தேகம் இருக்கும். அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் என்னிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடாதீர்கள் மக்களே. ஒரே ஒரு வண்டியில், ஒரே ஒரு வால்வை, அதுவும் முதல் தடவை தலைகீழாக மாட்டியவன் நான். அந்தக் கதைதான் இது.

எங்கள் வீட்டில் ஒரு புல்லட் இருக்கிறது. 1984 மாடல், 350. தாத்தா வாங்கியது. இப்போது வருகிற வண்டி இல்லை, பழைய இரும்பு என்ஜின். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். வேறு வண்டி ஓட்டிப் பழகியவர்கள் இதில் ஏறினால் பிரேக் என்று நினைத்து கியரை மிதிப்பார்கள். நானும் மிதித்திருக்கிறேன்.

வண்டி பிறந்தது நாங்கள் இருக்கும் தண்டையார்பேட்டையிலிருந்து கொஞ்ச தூரத்தில், திருவொற்றியூரில். 1955-ல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் இங்கே மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டு சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா என்று ஆரம்பித்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்காரர்கள் கடையை மூடிவிட்டுப் போன பிறகும் இந்தப் பழைய என்ஜினை விடாமல் செய்துகொண்டிருந்தது சென்னைதான். எங்கள் வண்டி அந்தக் காலத்து ஆள்.

சரி, பிரச்சினைக்கு வருகிறேன். வண்டி எண்ணெய் ஒழுகும்.

'புல்லட் என்றால் ஒழுகத்தானே செய்யும்' என்பீர்கள். எங்கள் மெக்கானிக் அண்ணனும் அதைத்தான் சொல்வார். "ஒழுகலன்னாதான் தம்பி பயப்படணும். உள்ள எண்ணெய் இல்லன்னு அர்த்தம்." ஊரெல்லாம் சொல்கிற பழைய ஜோக். கேட்க நன்றாகத்தான் இருக்கும், வாடகை வீட்டில் இல்லாதவரை.

நாங்கள் வாடகை வீட்டில் இருக்கிறோம். வண்டி நிற்பது வாசலுக்குப் பக்கத்தில். அங்கேதான் ஹவுஸ் ஓனர் அம்மா தினமும் கோலம் போடுவார். எண்ணெய் ஊறிய இடத்தில் கோலமாவு விழுந்தால் என்ன ஆகும் தெரியுமா? அரை மணி நேரத்தில் வெள்ளை பழுப்பாகிவிடும். முதலில் பழைய பேப்பர் விரித்தோம். அப்புறம் அட்டைப்பெட்டி. கடைசியில் அம்மா ஒரு பழைய அலுமினியத் தட்டைக் கொண்டுவந்து என்ஜினுக்கு நேர் கீழே வைத்துவிட்டார். சொட்டு, சொட்டு என்று ராத்திரியெல்லாம் தட்டில் விழுகிற சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்கும்.

ஒரு நாள் காலையில் அந்தத் தட்டு யார் காலோ பட்டுக் கவிழ்ந்தது. அன்றைக்கு மார்கழிக் கோலம். பெரிசு, கலர் எல்லாம் போட்டது.

ஓனர் அம்மா சத்தம் எதுவும் போடவில்லை. அப்பாவைக் கூப்பிட்டு, "மாசக் கடைசிக்குள்ள வண்டிய வேற எங்கயாவது நிறுத்திக்கங்க சார்" என்றார். அவ்வளவுதான். எங்கள் தெருவில் வேறு எங்கே நிறுத்துவது? அப்பா அன்று சாயங்காலமே தெரிந்த ஒருவரிடம் விலை பேச ஆரம்பித்துவிட்டார். பழைய இரும்பு என்ஜின் புல்லட்டுக்கு இப்போது நல்ல கிராக்கி.

தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. துறைமுகத்தில் பம்ப் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். வயது 78. வண்டி ஓட்டுவதை நிறுத்தி ஏழெட்டு வருஷம் ஆகிறது. ஆனால் தினமும் காலையில் ஒரு துணியை எடுத்துப் போய் டேங்கைத் துடைப்பார். விலை பேசிய மறுநாள் காலையில் துடைக்கப் போகவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒரு மாதிரி ஆனது.

இதற்கு முன்னால் நாங்கள் சும்மா இருக்கவில்லை. இரண்டு வருஷத்தில் மூன்று முறை கேஸ்கட் மாற்றியாயிற்று. முதல் தடவை 850 ரூபாய். இரண்டாவது 1,100. மூன்றாவது 1,400. ஒவ்வொரு தடவையும் ஜாயின்ட் எல்லாம் பிரித்து, புது கேஸ்கட் போட்டு, அதன்மேல் சிலிக்கான் பேஸ்டை இட்லிக்குச் சட்னி மாதிரி தாராளமாகத் தடவி மூடுவார்கள். மூன்று வாரம் காய்ந்த தரை. நான்காவது வாரம் மறுபடி தட்டு. மொத்தம் 3,350 ரூபாய். எங்கள் அக்கவுண்ட்ஸ் பாடத்தில் இதற்குப் பெயர் தொடர் செலவு. வருஷா வருஷம் வரும், சொத்து எதுவும் சேராது.

திருப்பம் வந்தது தற்செயலாக. ஒரு சாயங்காலம் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, என்ஜினை ஓடவிட்டு, எங்கே ஒழுகுகிறது என்று கீழே குனிந்து துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். இடது பக்கம் சிலிண்டருக்குக் கீழே என்ஜின் உடம்பிலிருந்து ஒரு ரப்பர் குழாய் கிளம்பிப் பின்னால் செயின் பக்கம் போகும். அதன் நுனி என் கையில் பட்டது. புஸ்... புஸ்... என்று காற்று. சரி, காற்று வெளியே வருகிறது என்று நினைத்தால், அடுத்த நொடி கையை உள்ளே இழுக்கிற மாதிரி இருந்தது. சட்டைப்பையில் இருந்த பஸ் டிக்கெட்டை எடுத்து நுனியில் காட்டினேன். டிக்கெட் வெளியே பறக்கிறது, உள்ளே ஒட்டுகிறது, வெளியே, உள்ளே. ஆஸ்துமாக்காரர் மாதிரி.

அன்று ராத்திரி முழுக்க இது என்ன குழாய் என்று தேடிப் படித்தேன். எனக்குப் புரிந்ததை என் பாஷையில் சொல்கிறேன். என்ஜினியரிங் நண்பர்கள் மன்னிக்கவும்.

என்ஜின் என்றதும் நாம் எல்லோரும் பிஸ்டனுக்கு மேலே என்ன நடக்கிறது என்றுதான் யோசிப்போம். பெட்ரோல், ஸ்பார்க், வெடி. பிஸ்டனுக்குக் கீழே? அங்கே கிராங்க் இருக்கிற ஒரு மூடிய அறை. கிராங்க் கேஸ் என்பது அதுதான். அதில் காற்றும் எண்ணெய்த் துளியும் கலந்து கிடக்கும். சைக்கிள் பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் கீழே வரும்போது அந்தக் காற்றை அமுக்குகிறது. மேலே போகும்போது இழுக்கிறது.

எவ்வளவு காற்று? எங்கள் வண்டியின் போர் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90. கணக்குப் போட்டால் 346 சிசி. மேலே எத்தனை சிசியோ கீழேயும் அத்தனை சிசி. நிமிஷத்துக்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு 50 சுற்று. 50 தடவை 346 சிசி. கிட்டத்தட்ட 17 லிட்டர் காற்று ஒவ்வொரு நொடியும் அந்தச் சின்ன அறைக்குள் முன்னும் பின்னும் அலைமோதுகிறது. இரண்டு, நான்கு சிலிண்டர் இருக்கிற பல என்ஜின்களில் ஒரு பிஸ்டன் இறங்கும்போது இன்னொன்று ஏறும், அங்கே கொஞ்சம் சரிக்கட்டிக்கொள்ளும். புல்லட்டுக்கு ஒரே பிஸ்டன். சரிக்கட்ட ஆள் கிடையாது.

போதாததற்கு, மேலே வெடிக்கிற புகையில் கொஞ்சம் பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாகக் கீழே கசியும். அதுவும் சேர்ந்து உள்ளே அழுத்தம் ஏறும். வெளியே போக வழி இல்லாவிட்டால் அந்த அழுத்தம் என்ன செய்யும்? எந்த ஜாயின்ட் இளிச்சவாயோ அதன் வழியாக எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

அதற்குத்தான் இந்தக் குழாய். இதைப் பிரீத்தர் என்கிறார்கள், மூச்சுக்குழாய். நுனியில் வாத்து அலகு மாதிரி தட்டையாக ஒரு ரப்பர் மூக்கு இருக்கும். காற்று வெளியே வரும்போது அலகு திறக்கும். உள்ளே இழுத்தால் இரண்டு உதடும் ஒட்டி மூடிக்கொள்ளும். வெளியே போன காற்று திரும்பி வர முடியாது. இதனால் என்ன லாபம் என்றால், முதல் சில சுற்றிலேயே உள்ளே இருக்கிற அதிகப்படி காற்று வெளியேறிவிடும். அப்புறம் பிஸ்டன் மேலே போகும்போது உள்ளே அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறையும். கீழே வரும்போது வெளியே இருக்கிற அளவுக்குத்தான் திரும்ப வரும். மொத்தத்தில் என்ஜின் எப்போதும் லேசாக உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். உள்ளே இழுக்கிற ஜாயின்டில் எண்ணெய் எப்படி வெளியே வரும்?

எங்கள் வண்டியில் அந்த ரப்பர் மூக்கைக் கழற்றிப் பார்த்தேன். சூட்டிலும் எண்ணெயிலும் வெந்து கல் மாதிரி ஆகி, உதடு இரண்டும் பிளந்து அப்படியே நின்றது. எத்தனை வருஷமாக என்று தெரியாது. ஆக, போன காற்று போன வேகத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஜாயின்டுகளுக்கு ஓர் உதை. நொடிக்கு 50 உதை. நாங்கள் 3,350 ரூபாய்க்குக் கதவை அடைத்துக்கொண்டிருந்தோம். உள்ளே இருந்து ஒருவன் உதைத்துக்கொண்டே இருந்தான்.

அதே மாதிரி ரப்பர் மூக்கு புதிதாகக் கிடைக்கும். ஆனால் அதுவும் நாளடைவில் வெந்துதான் போகும். இன்னும் நல்லதாக வேறு ஒருவழி வால்வு போடுகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். சிலர் மெல்லிய எஃகு இதழ் வைத்த ரீட் வால்வு போடுகிறார்கள். ஆர்எக்ஸ் 100 வைத்திருந்த அண்ணன்களுக்கு ரீட் என்றால் சொல்லவே வேண்டாம். இன்னொரு வழி, கார் பிரேக் பூஸ்டர் குழாயில் வருகிற ஒருவழி வால்வு. சின்ன பிளாஸ்டிக் குமிழ், உள்ளே ஒரு லேசான தட்டு. என் பட்ஜெட்டுக்கு அதுதான். புதுப்பேட்டை போய் ஒன்று வாங்கினேன், 120 ரூபாய். எண்ணெய் தாங்குகிற ஹோஸ் 180. கிளாம்ப் 40. மொத்தம் 340.

இங்கேதான் நம்ம சாமர்த்தியம். வால்வின் மேல் ஓர் அம்புக்குறி இருந்தது. கடைக்காரரிடம் கேட்டேன். "அம்பு என்ஜின் பக்கம் இருக்கணும்பா" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. காரில்! காரில் பிரேக் பூஸ்டரில் இருக்கிற காற்றை என்ஜின் உறிஞ்சும். அதனால் காற்று என்ஜினை நோக்கிப் போகும், அம்பும் அந்தப் பக்கம். எனக்கு வேண்டியதோ என்ஜினிலிருந்து வெளியே. நான் யோசிக்கவில்லை. என்ஜின் பக்கம் என்றாரா, என்ஜின் பக்கம். மாட்டி, கிளாம்ப் முறுக்கி, உதைத்து ஸ்டார்ட் செய்து, திருவொற்றியூர் பக்கம் ஒரு ரவுண்டு கிளம்பினேன்.

இரண்டு கிலோமீட்டர் போயிருப்பேன். வலது கால் பேண்ட் சூடாக, ஈரமாக இருந்தது. குனிந்து பார்த்தால் முழங்காலிலிருந்து ஷூ வரை எண்ணெய். டேப்பெட் கவர், மேலே ராக்கர் கவர், எங்கே இடுக்கு இருக்கிறதோ அங்கேயெல்லாம் பொங்குகிறது. சைலென்சர் மேல் விழுந்த எண்ணெய் புகைந்து, பின்னால் வந்த ஆட்டோக்காரர் "தம்பி, வண்டி எரியுது!" என்று கத்தினார். கியர் மாற்றப் போனால் ஷூ வழுக்குகிறது. பின் டயரிலும் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. வண்டியை அணைத்துத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். இத்தனை வருஷமாகப் பிளந்து கிடந்த ரப்பர் மூக்காவது காற்றை வெளியே விட்டது. நான் மாட்டிய வால்வு உள்ளே மட்டும் விட்டு, வெளியே போகும் வழியை அடைத்துவிட்டது. சைக்கிள் டியூபுக்குக் காற்றடிக்கிற மாதிரி என்ஜினுக்கு அடித்திருக்கிறேன்.

இதெல்லாம் அப்போது தெரியாது. என்ஜினே போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அப்பா பார்த்தார், ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

தாத்தா வெளியே வந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னடா மாட்டுன?" என்றார். காட்டினேன். கழற்றித் துடைத்துக் கையில் வாங்கினார்.

"ஊதிப் பாத்தியா?"

"இல்ல தாத்தா. அம்பு போட்டிருந்துச்சு..."

"அம்பு காத்து போற பக்கம். காத்து எங்க போவணும், உள்ளயா வெளியவா?"

நான் வாயைத் திறந்து மூடினேன்.

"பம்புக்குக் கீழ ஃபுட் வால்வு இருக்கும் பாரு, அதே சாமான்தான் இது. முப்பது வருஷம் இதோட மாரடிச்சிருக்கேன். மாட்டறதுக்கு முன்னாடி வாயில வச்சு ஊதணும். அப்புறம் உறியணும். ஊதுனா போவணும், உறிஞ்சா நிக்கணும். என்ஜின் பக்கம் உன் வாயின்னு நெனச்சுக்கோ."

அவ்வளவுதான் பாடம். அதுவரை வண்டிக்கு மனதில் விடை கொடுத்துவிட்டவர், அன்று ராத்திரி 9 மணி வரை என்னோடு வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டார்ச் அவர் கையில், ஸ்பேனர் என் கையில்.

இரண்டாவது தடவை ஒழுங்காகச் செய்தோம். வால்வை என்ஜினுக்கு முடிந்தவரை பக்கத்தில், நாலு அங்குலத்துக்குள் வைத்தோம். குழாய் நீளமாக இருந்தால் அதில் இருக்கிற காற்றே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கும், வால்வுக்கு வேலை சரியாக நடக்காது. அந்த நாலு அங்குலமும் மேல்நோக்கிப் போகிறது, துளியாக வருகிற எண்ணெய் திரும்ப உள்ளேயே இறங்கட்டும் என்று. வால்வுக்கு அப்புறம் குழாயைப் பக்கவாட்டில் கொண்டுபோய் ஒரு பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் விட்டோம். பாட்டில் மூடியில் தாத்தா ஓர் ஓட்டை போடச் சொன்னார். ஓட்டை இல்லாவிட்டால் பாட்டிலும் அடைத்துக்கொள்ளும், பழைய கதைதான்.

இன்னொன்றும் செய்தோம். மெக்கானிக் அண்ணனிடம் போய், பழைய பேஸ்டை எல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு டேப்பெட் கவருக்கு மட்டும் பேஸ்ட் இல்லாமல் சாதாரண கேஸ்கட் போடச் சொன்னோம். எண்ணெய் ஃபில்டரைப் பிரித்தபோது உள்ளே ரப்பர் புழு மாதிரி பேஸ்ட் துணுக்குகள். வெளியே ஒழுகக்கூடாது என்று தடவியது, பிதுங்கி உள்ளே போய் எண்ணெய் போகிற வழியை அடைக்கப் பார்த்திருக்கிறது. எண்ணெய் வழி அடைத்திருந்தால் ஒழுகல் என்ன, என்ஜினே இறுகியிருக்கும். அண்ணன் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஜோக் எதுவும் சொல்லவில்லை.

ஸ்டார்ட் செய்து பஸ் டிக்கெட் டெஸ்ட். டிக்கெட் வெளிப்பக்கம் மட்டும் படபடத்தது. உள்ளே ஒட்டவே இல்லை.

ரிசல்ட்டை நேர்மையாகச் சொல்கிறேன். ஒழுகல் சுத்தமாக நிற்கவில்லை. மாட்டுவதற்கு முன்னால் ஒரு ராத்திரி பேப்பர் விரித்து எண்ணியபோது 23 சொட்டு. மாட்டிய வாரத்தில் ஒரு ராத்திரிக்கு 2. இப்போது மூன்று மாதம் ஆகிறது, சில ராத்திரி ஒன்று, சில ராத்திரி இல்லை. இடது பக்கம் செயின் கவர் மட்டும் கொஞ்சம் வியர்க்கிறது. பாட்டிலில் மாதத்துக்கு ஒரு ஸ்பூன் அளவு, பால் அதிகமான காபி கலரில் ஏதோ சேருகிறது. எண்ணெயும், என்ஜின் சூடாகி ஆறும்போது படிகிற தண்ணீரும் கலந்தது. பக்கத்துத் தெருவுக்குப் பால் வாங்க மட்டும் வண்டி எடுத்தால் அது அதிகமாகச் சேரும். நன்றாகச் சூடாகிற மாதிரி கொஞ்ச தூரம் ஓட்டினால் குறையும்.

அப்புறம், இது சர்வரோக நிவாரணி இல்லை. ரிங் தேய்ந்து மேலே இருந்து புகை அளவுக்கு மீறிக் கீழே இறங்கினால் எந்த வால்வும் காப்பாற்றாது. அதற்கு ரிங், போர் வேலைதான். எங்கள் வண்டிக்கு அது இன்னும் வரவில்லை, அவ்வளவுதான் அதிர்ஷ்டம்.

ஓனர் அம்மாவிடம் யாரும் போய் எதுவும் சொல்லவில்லை. வாசலைச் சோப்புப் பவுடர் போட்டு நானும் அம்மாவும் தேய்த்தோம். கறை முழுசாகப் போகவில்லை, மங்கிவிட்டது. மாசக் கடைசி வந்தது, போனது. ஒரு நாள் காலையில் பார்த்தால் கோலத்தின் ஒரு மூலை வண்டிச் சக்கரத்துக்குப் பக்கம் வரை வந்திருந்தது. வெள்ளையாகவே இருந்தது.

அப்பாவும் விற்கவில்லை என்று வாயால் சொல்லவில்லை. போன வாரம் கல்லூரியிலிருந்து வந்தபோது மேஜையில் ஒரு கவர் இருந்தது. பிரித்துப் பார்த்தால் புல்லட்டின் இன்சூரன்ஸ், இன்னும் ஒரு வருஷத்துக்குக் கட்டியிருக்கிறார். விற்கப்போகிற வண்டிக்கு யாராவது கட்டுவார்களா? :-)

தாத்தா மறுபடி காலையில் துணியோடு போகிறார். இப்போது டேங்கைத் துடைத்த பிறகு குனிந்து பாட்டிலையும் ஒரு பார்வை பார்க்கிறார்.

பி.கு: உங்கள் வண்டியில் எந்த வால்வை மாட்டினாலும், கடைக்காரர் சொன்னாலும், அம்பு சொன்னாலும், நானே சொன்னாலும், முதலில் சுத்தமாகத் துடைத்து வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். என்னுடைய ஒரு பேண்ட் போனது போதும்.